டிஸ்னிலாந்து வாசல் கடைத்தெருவும் எங்கம்மாவின் முழங்காலும்

1/
இன்னிக்கு சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எதுவும் இல்லை. ஒரு கடைத்தெருவைப் பத்திப் பேசப் போறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரத்தில், டிஸ்னிலாந்து வாசலில் இருக்கும் கடைத்தெரு. பேரு டவுன்டவுன் டிஸ்னி.

"டாக்டருக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"ன்னு கேட்பீங்க. பொறுமையாப் படிங்க. சர்க்கரையும் பிரஷரும் நடுவுல தானா வந்துடும். கொஞ்சம் நீளமான இழைதான்.

2/
2024 அக்டோபரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மாவும் கூட வந்தாங்க. வயசு 74. இருபது வருஷமா சர்க்கரை. ரெண்டு முழங்காலிலும் தேய்மானம்.

பிள்ளைகளுக்கு டிஸ்னிலாந்து போகணும். டிக்கெட் தலைக்கு 100 டாலருக்கு மேல். அம்மா அதை ரூபாய்ல பெருக்கிப் பார்த்தாங்க. அவ்வளவுதான். "ராட்டினத்துல நானா சுத்தப் போறேன்? வாசல்லயே உக்காந்திருக்கேன். நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டாங்க.

துணைக்கு நான் இருந்தேன். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், ஏழு மணி நேரம், அந்தத் தெருவிலேயே இருந்தோம். இந்த இழை அங்கே உக்காந்து யோசிச்சது.

3/
உண்மையைச் சொன்னா, டிஸ்னிலாந்துன்னதும் ஒரு டாக்டருக்கு முதல்ல ஞாபகம் வர்றது மிக்கி மவுஸ் இல்லை. தட்டம்மை!

2014 டிசம்பரில் அந்தப் பூங்காவுக்கு வந்துபோனவர்கள் மூலமாகத் தட்டம்மை பரவியது. அமெரிக்காவில் மட்டும் 147 பேருக்கு வந்தது. பெரும்பாலானவர்கள் தடுப்பூசி போடாதவர்கள், அல்லது போட்டோமா இல்லையான்னு தெரியாதவர்கள். அதன் பிறகுதான் "என் சொந்த நம்பிக்கை, ஊசி வேண்டாம்"னு சொல்லிப் பள்ளியில் சேர்க்கும் சலுகையை கலிபோர்னியா 2015-ல் சட்டம் போட்டு எடுத்தது.

ஆகவே மக்கள் கூடுகிற இடம் எப்படி இருக்குன்னு பார்ப்பதும் மருத்துவம்தான். அந்த உரிமையில் பேசுறேன்.

4/
கொஞ்சம் வரலாறு.

வால்ட் டிஸ்னி ஆரஞ்சுத் தோப்பா இருந்த சுமார் 160 ஏக்கரில் 1955 ஜூலையில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். பூங்கா ஓடினது. ஆனா சுத்தி இருந்த நிலமெல்லாம் மத்தவங்க கையில். மோட்டலும் சாப்பாட்டுக் கடையும் சுத்தி முளைச்சது. கூட்டத்தைக் கூட்டியது இவர், கல்லா கட்டினது அவங்க. இந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அதனாலதான் புளோரிடாவில் எடுத்த எடுப்பிலேயே சுமார் 27,000 ஏக்கர் வாங்கிப் போட்டாங்க.

அனஹைமில் அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இந்தக் கடைத்தெரு. 2001 ஜனவரி 12-ல் திறந்தாங்க. ஒரு முனையில் பூங்கா வாசல், மறு முனையில் டிஸ்னி ஓட்டல், நடுவில் கடைகள். உள்ளே நுழைய டிக்கெட் கிடையாது.

5/
2001-ல் அங்கே எது பெரிசு தெரியுமா? 12 திரை கொண்ட ஏ.எம்.சி. தியேட்டர். சுவர் முழுக்க டிவியில் விளையாட்டு பார்த்துக்கிட்டே சாப்பிடும் ஈ.எஸ்.பி.என். ஸோன். பிளாஸ்டிக் காட்டுக்குள்ள, இடிச் சத்தத்துக்கும் பொம்மை கொரில்லாவின் உறுமலுக்கும் நடுவே பர்கர் சாப்பிடும் ரெயின்ஃபாரஸ்ட் கஃபே.

மூணுமே 1990-களின் மோகம். அப்புறம் சினிமா வீட்டுக்கே வந்துருச்சு. விளையாட்டு சட்டைப் பைக்குள்ள வந்துருச்சு. பொம்மை கொரில்லாவைப் பார்த்து இன்னிக்கு மூணு வயசுக் குழந்தைகூட பயப்படாது. தெருவுக்கு வயசாகிருச்சு.

6/
2018-ல் வைத்தியம் ஆரம்பிச்சாங்க. தெருவின் மேற்குக் கோடியில் 700 அறை சொகுசு ஓட்டல் கட்டப் போறோம்னு ஏ.எம்.சி., ஈ.எஸ்.பி.என். ஸோன், ரெயின்ஃபாரஸ்ட் கஃபே எல்லாத்தையும் மூட வெச்சாங்க.

அந்த ஓட்டலுக்கு நகராட்சி அறை வரியில் பெரும் பகுதியைத் திருப்பித் தருவதாக முன்னாடியே ஒப்பந்தம் இருந்தது. ஆனா ஓட்டலின் இடத்தை மாத்தினதும் "புது இடத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது"ன்னு நகராட்சி சொல்லிருச்சு. தகராறு. அந்த அக்டோபரிலேயே ஓட்டல் திட்டம் ரத்து.

வயித்தைத் திறந்து வெச்ச பிறகு ஃபீஸ் தகராறில் ஆபரேஷனை நிறுத்தின மாதிரி! மூடின கட்டடங்களில் பெரியது, அந்தத் தியேட்டர், வருஷக்கணக்கா சும்மா நின்னது.

7/
அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் எல்லாம் மூடினாங்க. ஜூலையில் இந்தக் கடைத்தெருவை மட்டும் திறந்தாங்க. பூங்கா திறக்க 2021 ஏப்ரல் 30 ஆச்சு.

நடுவில், 2021 ஜனவரியில், டிஸ்னிலாந்தின் ஒரு கார் நிறுத்துமிடம் ஆரஞ்சு கவுன்ட்டியின் முதல் பெரிய தடுப்பூசி மையமா மாறினது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி தட்டம்மைக்குப் பேர் போன வளாகம், இப்ப ஊசி போடும் இடம். எனக்கு அந்தச் செய்தி படிச்சப்ப ரொம்ப சந்தோஷமா இருந்தது.

8/
2021 நவம்பரில் புதுத் திட்டம் அறிவிச்சாங்க. ஓட்டல் இல்லை. பழைய தியேட்டரை இடிச்சு, அந்தப் பக்கத்தைத் திறந்த வெளியா மாத்தி, புல்வெளி, புதுச் சாப்பாட்டுக் கடைகள், 20-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி தெற்குக் கலிபோர்னியா பாணியில் கட்டடங்கள்.

தைவானின் டின் தாய் ஃபங் 2024 ஜூலையில் வந்தது. தைப்பேயில் 1958-ல் சமையல் எண்ணெய் வித்து ஆரம்பிச்ச கடை. பிற்பாடு கொழுக்கட்டைக்கு மாறி உலகப் புகழ். நம்ம கொழுக்கட்டை மாதிரியே ஆவியில் வேகும் பண்டம், ஒவ்வொண்ணிலும் 18 மடிப்பு.

9/
இப்ப என் கருத்துக்கு வர்றேன்.

இந்த மாதிரி புதுப்பிப்பைப் பத்திப் பேசும்போது எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறாங்க. "எந்தக் கடை போச்சு? எந்தக் கடை வந்தது?"

நான் வேற கேள்வி கேட்கிறேன். காசு செலவழிக்காத, முழங்கால் வலிக்கிற, அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகிற ஒரு பாட்டி அங்கே ஏழு மணி நேரம் மரியாதையா இருக்க முடியுமா?

முடியும்னா அந்தத் தெரு தேறிருச்சு. முடியலைன்னா எத்தனை புதுக் கடை வந்தாலும் பெயின்ட் அடிச்ச நோயாளிதான்.

10/
பெயின்ட்னு ஏன் சொல்றேன்னா, புளோரிடா கதையைப் பாருங்க. அங்கே டிஸ்னி உலகத்துக்குப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு கடைத்தெரு 1975-ல் திறந்தாங்க. பேரு லேக் புவெனா விஸ்டா ஷாப்பிங் வில்லேஜ். 1977-ல் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வில்லேஜ். 1989-ல் டிஸ்னி வில்லேஜ் மார்க்கெட்ப்ளேஸ். 1997-ல் டவுன்டவுன் டிஸ்னி. 2015-ல் டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ்.

கேஸ் ஷீட்டில் பேரை மாத்தினா காய்ச்சல் இறங்குமா?

பக்கத்திலேயே ப்ளஷர் ஐலண்ட்னு இரவு விடுதிகள் இருந்தது. 2008-ல் விடுதிகளை மூடின பிறகு வருஷக்கணக்கா அந்தப் பகுதி களையிழந்து கிடந்தது. கடைசிப் பேர் மாற்றத்தோடுதான் உண்மையான சிகிச்சை நடந்தது. பெரிய அடுக்கு கார் நிறுத்தங்கள் கட்டி, நிறுத்த காசு வேண்டாம்னாங்க. தண்ணீர் ஓரமா நடக்கிற மாதிரி பாதை போட்டாங்க. அதுக்கப்புறம் அந்த இடத்தின் நடையே மாறினது.

11/
சரி, டாக்டர் பார்வையில் ஒரு கடைத்தெருவுக்கு என்ன பரிசோதனை? அம்மாவோட இருந்த ஏழு மணி நேரத்தில் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல உக்காரும் இடம்.

முழங்கால் தேய்மானம் இருக்கிறவங்க நடக்கவே கூடாதுன்னு நம்ம ஊர்ல நினைக்கிறோம். தப்பு. நடந்தாத்தான் மூட்டைச் சுத்தி இருக்கிற தசை பலமா இருக்கும். ஆனா அவங்களால ஒரே மூச்சில் நடக்க முடியாது. கொஞ்சம் நடை, கொஞ்சம் உட்காரல், மறுபடி நடை. இப்படித்தான் முடியும்.

அடுத்த பெஞ்ச் கண்ணுக்குத் தெரிஞ்சா எங்கம்மா எழுந்து நடப்பாங்க. தெரியலைன்னா எழுந்திருக்கவே மாட்டாங்க. அன்னிக்கு அவங்க தெருவை மூணு தடவை முழுசா நடந்தாங்க. வீட்டில் கெஞ்சினாலும் பத்து நிமிஷம் நடக்க மாட்டாங்க.

பெஞ்ச்தான் மருந்து. மாத்திரையைவிட மலிவு.

12/
வில்லியம் ஒயிட்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர். நியூயார்க் சதுக்கங்களில் மக்கள் எப்படி நடந்துக்கிறாங்கன்னு கேமரா வெச்சு வருஷக்கணக்கா பார்த்தார். 1980-ல் புத்தகமா எழுதினார். அவர் கண்டுபிடிச்ச முக்கியமான விஷயம்: உக்கார இடம் எங்கே இருக்கோ அங்கேதான் ஜனங்க உக்காருவாங்க.

சிரிக்காதீங்க. இவ்வளவு சாதாரண விஷயத்தைத்தான் பல கோடி செலவழிச்சுக் கட்டுறவங்க மறந்துடுறாங்க. உக்கார விட்டா வாங்க மாட்டாங்கன்னு ஒரு பயம். அதனால பல வணிக வளாகங்களில் உக்காரணும்னா காபி வாங்கணும்.

13/
ரெண்டாவது நிழல். தெற்குக் கலிபோர்னியாவில் அக்டோபரிலும் மதிய வெயில் சுள்ளுன்னு இருக்கும். வயசானவங்களுக்குத் தாகம் எடுக்கிற உணர்வே குறைஞ்சு போகும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடுறவங்களுக்கு உடம்பில் தண்ணி இன்னும் சீக்கிரம் குறையும். வெயிலில் ரெண்டு மணி நேரம் நின்னா தலைசுத்தி விழுவாங்க. விழுந்தா இடுப்பு எலும்பு. இடுப்பு எலும்பு உடைஞ்ச 75 வயசுக்காரரை மறுபடி நடக்க வைக்க என்ன பாடுன்னு எங்களைக் கேளுங்க.

மூணாவது தண்ணி. நாலாவது கழிப்பறை. இந்த ரெண்டும் ஜோடி. பாத்ரூம் எங்கேன்னு தெரியாத இடத்தில் சர்க்கரை நோயாளி தண்ணியே குடிக்க மாட்டார். எத்தனை பேர் கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது காலையிலிருந்து தண்ணி குடிக்காம இருக்காங்க, தெரியுமா? அதேதான்.

14/
அஞ்சாவது புகை. இதில் அனஹைமைப் பாராட்டணும். 2019 மே 1 முதல் பூங்காக்களுக்குள் இருந்த புகைபிடிக்கும் இடங்களை எடுத்தப்ப, இந்தக் கடைத்தெருவிலும் சேர்த்து எடுத்துட்டாங்க. வியாபாரம் போயிடும்னு யாராவது சொல்லியிருப்பாங்க. தெரு காலியாகலை. நான் போன அன்னிக்கு நடக்கவே இடமில்லாம கூட்டம்.

அடுத்தவர் விடும் புகையில் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. தள்ளுவண்டியில் குழந்தைகள் வரும் தெருவில் இதுக்கு மேல விவாதம் வேண்டாம்.

15/
ஆறாவது சாப்பாடு. இங்கதான் சர்க்கரை வருது.

350 மில்லி கோலா ஒரு டப்பாவில் சுமார் 39 கிராம் சர்க்கரை. கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன். நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்த மாதிரித் தெருவில் குடிப்பது ஒரு டப்பாவோடு நிக்காது.

ஆவியில் வெந்த கொழுக்கட்டையை ஒரு கூடை வாங்கி நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுறது, ஆளுக்கு ஒரு பெரிய தட்டு பர்கரும் வறுவலும் சாப்பிடுறதைவிட நிச்சயம் மேல். ஆனா ஏமாறாதீங்க. சோயா சாஸில் உப்பு எக்கச்சக்கம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் கணக்கு. பிரஷர்காரங்க தொட்டுக்கோங்க, முக்கி எடுக்காதீங்க.

நானும் சாப்பிட்டேன். நல்லா இருந்தது. அம்மா, "உள்ள தேங்காப் பூரணம் வெச்சிருக்கலாம்"னாங்க.

சாப்பிட்ட உடனே பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடந்தா சர்க்கரை ஏறுகிற உச்சம் குறையும். சாப்பாட்டுக் கடையும் நடைபாதையும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதோட லாபம் இதுதான்.

16/
மதியம் ரெண்டு மணி இருக்கும். நான் காபி வாங்கப் போயிட்டு வந்து பார்த்தா, அம்மா பக்கத்தில் இன்னொரு பாட்டி. மெக்சிகோக்காரங்க மாதிரி தெரிஞ்சது. அவங்களும் பேரப்பிள்ளைகளை உள்ள அனுப்பிட்டு உக்காந்திருக்காங்க.

அவங்களுக்கு ஸ்பானிஷ். எங்கம்மாவுக்குத் தமிழ். ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் வராது.

செல்போனில் பேரன் பேத்தி போட்டோ காட்டிக்கிட்டாங்க. முழங்காலைத் தட்டிக் காட்டிக்கிட்டாங்க. அம்மா பையிலிருந்து முறுக்கு போச்சு. அங்கிருந்து ஏதோ ஒரு ரொட்டி வந்தது. ஒண்ணரை மணி நேரம்! நான் அங்கே இருந்ததையே ரெண்டு பேரும் மறந்துட்டாங்க.

சாயங்காலம் பிள்ளைகள் வந்து "பாட்டி, உங்களுக்கு போர் அடிச்சிருக்குமே"ன்னாங்க. "நீங்க என்ன பெரிசா பார்த்துட்டீங்க? எனக்கு சிநேகிதி கிடைச்சிருக்கா"ன்னாங்க அம்மா.

17/
இதை நான் கதைக்காகச் சொல்லலை.

வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்கு ஆறு மாசம் போகும் நம்ம அப்பா அம்மாக்கள்கிட்ட கேளுங்க. பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க. கார் ஓட்டத் தெரியாது. தெருவில் மனுஷ நடமாட்டமே இருக்காது. ஜன்னல் வழியா அணிலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஊருக்குத் திரும்பி வரும்போது சர்க்கரை ஏறி, தூக்கம் கெட்டு என் கிளினிக்குக்கு வருவாங்க. "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருந்தது டாக்டர், பேசத்தான் ஆளில்லை"ம்பாங்க.

அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2023-ல் தனிமையைப் பத்தி ஒரு தனி அறிவுரையே வெளியிட்டார். உறவும் தொடர்பும் இல்லாம இருப்பது, ஆயுளைக் குறைப்பதில் தினம் 15 சிகரெட் வரை பிடிப்பதுக்குச் சமம்னு அதில் இருக்கு.

வீடு ஒண்ணு, வேலை ரெண்டு, சும்மா கூடிப் பேச ஒரு மூணாவது இடம். ரே ஓல்டன்பர்க்கிற சமூகவியலாளர் 1989-லேயே இதை எழுதினார். அந்த மூணாவது இடம் பலருக்கு இன்னிக்கு வணிக வளாகம்தான்.

18/
வணிக வளாகத்தைக் கண்டுபிடிச்சவர்னு சொல்லப்படுகிற விக்டர் க்ரூயனும் இதைத்தான் கனவு கண்டார். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போன கட்டடக் கலைஞர். 1956-ல் மினசோட்டாவில் சவுத்டேல் வளாகத்தைக் கட்டினார். நடந்து போய்ப் பேசிச் சிரிக்கிற வியன்னா தெருவை, கார் மட்டுமே ஓடும் அமெரிக்கப் புறநகருக்குக் கொண்டு வரணும்னு நினைச்சார். கடைகளை மட்டும் எடுத்துக்கிட்டு மத்த கனவை எல்லாரும் விட்டுட்டாங்க. கடைசிக் காலத்தில் தன் பிள்ளையையே தன் பிள்ளை இல்லைன்னு சொல்ற அளவுக்கு அவர் வெறுத்துப் போனார்.

அவர் புத்தகத்தை வால்ட் டிஸ்னியும் படிச்சிருக்கார்ங்கறது சுவாரசியமான விஷயம்.

19/
இப்ப, எல்லாரும் தாண்டிப் போகும் இடத்துக்கு வர்றேன். அந்தத் தெருவில் நிக்கிறவங்க. தட்டு எடுக்கிறவங்க, தரை துடைக்கிறவங்க, கதவு திறக்கிறவங்க.

2018 பிப்ரவரியில் ஆக்சிடென்டல் கல்லூரியும் ஒரு ஆய்வு அமைப்பும் சேர்ந்து, சுமார் 5,000 டிஸ்னிலாந்து தொழிலாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வெளியிட்டாங்க. மாசச் செலவுக்கே சம்பளம் பத்தலைன்னு சொன்னவங்க 73 சதவீதம். கடந்த ரெண்டு வருஷத்தில் ஏதோ ஒரு சமயம் வீடில்லாம இருந்தவங்க 11 சதவீதம்.

நியாயமா சொல்லணும்னா, அது தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்து எடுக்க வெச்ச ஆய்வு. கம்பெனி அதைத் தப்புன்னு மறுத்தது. ஆனா அதே வருஷம் சங்கங்களோடு பேசி மணிக்கு 15 டாலர் கொடுக்கவும் ஒத்துக்கிட்டாங்க.

20/
அதே 2018 நவம்பரில் அனஹைம் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு விதி கொண்டு வந்தாங்க. பேரு மெஷர் எல். நகராட்சியின் வரிச் சலுகை வாங்கும் சுற்றுலாத் தொழில்கள் 15 டாலரில் ஆரம்பிச்சு, 2022-க்குள் 18 டாலராவது மணிக்கூலி தரணும்.

"எங்களுக்குச் சலுகையே இல்லை"ன்னு கம்பெனி. "1990-களில் நகராட்சி கடன் பத்திரம் போட்டுக் கட்டிக் கொடுத்தது சலுகைதான்"னு தொழிலாளர்கள். கீழ்க் கோர்ட்டில் தோத்து, 2023-ல் மேல்முறையீட்டில் தொழிலாளர்கள் ஜெயிச்சாங்க. 2024 டிசம்பரில் 23.3 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. 50,000 பேருக்கு மேல் பங்கு.

கடைத்தெருவில் பல கடைகளை நடத்துறது வேற வேற கம்பெனிகள். அவங்கவங்க கூலி அவங்கவங்க கணக்கு. அதனால கேள்வி இன்னும் முக்கியமாகுது.

21/
இதில் டாக்டருக்கு என்ன? இருக்கு. வாடகை கட்ட முடியாதவர் காய்ச்சலோடு வேலைக்கு வருவார். லீவு போட்டா கூலி போகும். இருமிக்கிட்டே உங்க தட்டை எடுப்பார். தட்டம்மைக் கதை மறந்துடாதீங்க. அந்த 2014 சம்பவத்தில் நோய் வந்தவங்களில் பூங்கா ஊழியர்களும் இருந்தாங்க.

விருந்தாளியின் ஆரோக்கியமும் பரிமாறுறவர் ஆரோக்கியமும் ஒரே காத்தில்தான் இருக்கு. புதுக் கட்டடத்துக்குச் செலவழிச்ச பணத்தில் ஒரு பங்கு அவங்களுக்குப் போகலைன்னா அந்தப் புதுப்பிப்பு அரைகுறை.

22/
"சார், அது தனியார் இடம். லாபத்துக்காக நடத்துறாங்க. ஒண்ணும் வாங்காத பாட்டிக்கு அவங்க ஏன் பெஞ்ச் போடணும்?"

நல்ல கேள்வி. லாபம் வேண்டாம்னு நான் சொல்லலை. லாபமே இல்லைன்னா அந்தத் தியேட்டர் மாதிரி பூட்டிக் கிடக்கும். அது யாருக்கும் நல்லதில்லை.

ஆனா கணக்கைச் சரியாப் போடுங்க. எங்கம்மாவால அங்கே ஏழு மணி நேரம் உக்கார முடிஞ்சதாலதான் எங்க குடும்பமே அன்னிக்கு அங்கே போச்சு. ஒரு வேளை சாப்பாடு, நாலு காபி, ரெண்டு பொம்மை, கார் நிறுத்தக் காசு எல்லாம் அந்த ஒரு பெஞ்சோட வரவு. பில்லில் பாட்டி பேர் இருக்காது. பாட்டி இல்லைன்னா பில்லே இருக்காது.

ரெண்டாவது, பொதுப் பணம் உதவின இடத்தில் பொது ஜனத்துக்கும் பங்கு கேட்கலாம்.

23/
ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். கம்பெனித் தெரு எவ்வளவு நல்லா இருந்தாலும் அது ஊர்த் தெரு ஆகாது. பையைச் சோதிச்சுத்தான் உள்ளே விடுவாங்க. நாளைக்கு "காசு கொடுத்தாத்தான் உக்காரலாம்"னு சொன்னா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆகவே பூங்காவும் பெஞ்சும் நிழலும் கொடுக்கும் வேலையை நகராட்சிகள் கம்பெனி தலையில் கட்டிட்டுத் தூங்கக் கூடாது.

24/
என் தீர்ப்பு?

அனஹைம் தெரு நல்ல பாதையில் இருக்கு. ஓட்டல் வராம போனது நல்லதுக்குத்தான். 700 அறைக்கு அந்த இடம் போயிருந்தா புல்வெளி வந்திருக்காது. புகை போனது நல்லது. கூலி விஷயத்தில் மக்களும் கோர்ட்டும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. அது தானா நடந்திருக்கணும்.

25/
கடைசியா உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த தடவை எந்த ஊரில், எந்தப் புதுப் பளபள கடைத்தெருவுக்குப் போனாலும் இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க.

காசு கொடுக்காம உக்கார இடம் இருக்கா?
உக்காரும் இடத்தில் நிழல் இருக்கா?
குடிதண்ணியும் கழிப்பறையும் கேட்காமலே கண்ணுக்குத் தெரியுதா?
யாராவது மயங்கி விழுந்தா, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவி எங்கேன்னு கடைக்காரருக்குத் தெரியுமா? இதயம் நின்னா தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.
தட்டு எடுக்கிறவர் முகத்தில் களைப்பு தெரியுதா, உயிர் தெரியுதா?

அஞ்சுக்கும் நல்ல பதில் வந்தா தைரியமா அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா நிர்வாகத்துக்கு எழுதுங்க. ரெண்டு வரி போதும். பத்துப் பேர் எழுதினா ஒரு பெஞ்ச் வரும்.

26/
எங்கம்மா இப்ப தினமும் சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடக்குறாங்க. அங்கே மூடின ஒரு கடையின் திண்ணை இருக்கு. உக்காந்து, போற வர்றவங்களோட பேசிட்டுத் திரும்புவாங்க. போன மாசம் எடுத்த மூணு மாத சராசரி சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கு.

"மாத்திரை மாத்தினதால"ன்னு நான் சொன்னேன். "திண்ணையால"ன்னு அவங்க சொல்றாங்க.

ரெண்டு பேரும் சரிதான்.

உங்க வீட்டுப் பெரியவங்களை இன்னிக்கு ஒரு பத்து நிமிஷம் வெளிய கூட்டிட்டுப் போங்க.